பன்னிரண்டு மைக்ரோ

முதல் கருவியைக் கொன்றது நான்தான்.
சார்ஜ் இறக்காத கெபாசிட்டரைக் கொண்டுபோய்
அதன் பச்சைச் சாக்கெட்டில் செருகிவிட்டேன்.
சத்தம்கூட வரவில்லை.
திரையில் பாதி எழுத்து வந்து நின்றது,
பேச்சின் நடுவே கோபித்துக்கொண்டவள் மாதிரி.

இரண்டாவது, ரங்கூன் நடைபாதையில் வாங்கியது.
போன் உறைகளுக்கும் கொசு மட்டைகளுக்கும் இடையே
மூன்று கொக்கிக் கம்பிகளோடு கிடந்தது.
உள்ளங்கை அகலம். ஒன்பது வோல்ட் பேட்டரி தனியாக.
“இந்தக் காசுக்கு ரெண்டு வீசை இறால்” என்றார் கணவர்.
பெகு வரும்வரை பஸ்ஸில்
அந்த இறாலைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்.

முதல் வாரம் கண்ணில் பட்டதையெல்லாம்
அதற்குக் கடிக்கக் கொடுத்தேன்.
செத்த டார்ச்சின் டையோடு,
ரேடியோவில் பிடுங்கிய கால் வளைந்த டிரான்சிஸ்டர்,
உப்பில் ஊறிய மாங்காய்த் துண்டு ஒன்று.
நாத்தனார் தனகோடி இரண்டு விரலை நீட்டினாள்:
ரெசிஸ்டர் என்றது.
“அண்ணனை வையேன், பாப்போம்.”
வைத்தோம்.
தெரியாத அல்லது பழுதான பொருள்.
நாங்கள் சிரித்து முடித்த பிறகு
அவரும் சிரித்தார்.

இந்த மாதம் எங்கள் தெருவின் முறை
நள்ளிரவு ஒன்றிலிருந்து நாலு.
முறை என்பது காகிதத்தில்.
அலாரம் வைத்துத் தெருவே எழும்.
சோறு, இஸ்திரி, போன், தண்ணீர்;
தண்ணீர்தான் முதலில்.

திங்கள் இரவு பம்பு உறுமியது, சுற்றவில்லை.
பின்பக்க விசிறியைத் துடைப்பக்குச்சியால்
தள்ளிவிட்டால் சுற்றியது.
மறுநாள் கோ மியின் வந்தார், குனிந்து முகர்ந்தார்.
“காயில் கருகிப்போச்சு. பிரித்துச் சுற்றணும். பத்து நாள்.”
கருகிய காயில் குச்சிக்கு எழுந்திருக்குமா?
வாய்விட்டுக் கேட்கவில்லை.
அவருக்குத் தேநீர் கொடுத்து அனுப்பினேன்.

கெபாசிட்டரைக் கழற்றினேன்.
இந்தத் தடவை அவசரமில்லை.
குண்டு பல்பின் இரு முனைகளை அதன் கால்களில் வைத்தேன்.
எதுவும் மின்னவில்லை.
ஆனாலும் பத்துவரை எண்ணினேன்,
போனவளுக்கு ஒரு மரியாதை.
பிறகு கொக்கிகளை மாட்டிப் பொத்தானை அழுத்தினேன்.

உடம்பில் அச்சிட்டது பன்னிரண்டு.
திரை சொன்னது மூன்று புள்ளி நான்கு.

பிஸ்கட் டப்பாவைக் கவிழ்த்தேன்.
ஆறு என்று எழுதியது, ஐந்து புள்ளி எட்டு.
நாலு என்றது, மூன்று புள்ளி ஒன்பது.
டோ டின் டின் தூக்கி எறிந்த மின்விசிறியினுடையது
இரண்டே கால் சொல்லி, கொஞ்சம் யோசித்து,
இரண்டு புள்ளி மூன்று என்றது.
பக்கத்தில் பக்கத்தில் கட்டினால் கூடும்.
கூட்டினேன். கறுப்பு டேப் சுற்றினேன்.
ஒரு வயிறு, மூன்று தலை.

மூன்றின் மேலும் நானூற்றைம்பது வோல்ட் என்று இருந்தது.
அதை இந்தக் கருவி சொல்லாது.
ஒன்பது வோல்ட் தின்று வாழ்வது
நானூறின் சுமையை எப்படி அறியும்?
அதை அச்சிட்டவன் பேரில் விட்டுவிட்டேன்.

மணி ஒன்று. வரவில்லை.
ஒன்று நாற்பது.
வாசல்தோறும் வாளி, வாளி பக்கத்தில் ஆள்.
எங்கோ ஜெனரேட்டர், பணமுள்ள வீடு.
மடியில் கருவியை வைத்து அழுத்தினேன்.
சும்மா, வெளிச்சத்துக்கு.
அவர் வந்து உட்கார்ந்து
கேட்காமலே விரல்களை வைத்தார்.
ரெசிஸ்டர்.
“பார்த்தியா” என்றார்.
வியர்வை என்று நான் சொல்லவில்லை.
கொஞ்ச நேரத்தில் திரை தானாக அணைந்தது.

தெருக்கோடியில் ஒரு பிள்ளை கத்தியது:
மீ லாபீ!
அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு,
மீ லாபீ, மீ லாபீ.
கரண்டு வந்துவிட்டது.
ஓடிப்போய் சுவிட்சில் கை வைத்தேன்.
பம்புக்குப் பக்கத்தில் தனகோடி
துடைப்பக்குச்சியோடு குந்தியிருந்தாள்.
நம்பிக்கை இல்லாமல் இல்லை அண்ணி,
சும்மாதான் என்றாள்.