முந்நூறுக்கு மூன்று நாள்

காவலறைக்கு மேலே பலகை:
விபத்தில்லா நாட்கள் 297.
காலை ஏழுக்கு ஏணி வைத்து
இலக்கத் தகட்டை மாற்றுவார் அபேகோன்,
பாதுகாப்பு அலுவலர்,
சாமிப் படத்துக்குப் பூ மாற்றுகிறவர் மாதிரி.
முந்நூறு தொட்டால் ஆளுக்கொரு றைஸ் குக்கர்.
பெட்டிகள் களஞ்சியத்துக்கு வந்துவிட்டன.

என் அறை சலிப்பகத்துக்கும் கன்ரீனுக்கும் நடுவில்.
ஒரு கட்டில், ஒரு தராசு, பிறஷர் பார்க்கும் கருவி,
துடைத்து முடிக்குமுன் மறுபடி மா படிகிற மேசை.
தலையிடிக்குப் பனடோல் தருகிற மிஸ்ஸி நான்,
சீனியைக் குறையுங்கோ என்று
சுவரில் படம் ஒட்டுகிற மிஸ்ஸி.
இயந்திரம் அபேகோனுக்கு, உடம்பு எனக்கு.
முகாமையாளர் பிரித்துத் தந்த பாகம் அது.
சிவப்புக் கொப்பி அவரிடம், நீலக் கொப்பி என்னிடம்.

ஜவ்பர் வந்தது சீனி பார்க்க.
கிண்ணியாப் பாலம் கடந்து வருகிறவர்,
மூட்டை தைக்கும் மெஷினில் பதினொரு வருடம்.
இடக்கையை நீட்டினார்.
வலக்கை காற்சட்டைப் பைக்குள்ளேயே இருந்தது.
கருவி 318 என்றது.
"மற்றக் கையையும் காட்டுங்கோ."
"அதில என்ன மிஸ்ஸி, அதே இரத்தம்தானே."

முதலில் மணம் வந்தது.
பிறகு விரல்,
வயருக்குச் சுற்றுகிற கறுப்பு ரேப் சுற்றி,
மேலே மா தடவியிருந்தது.
நகத்துக்குள் இறங்கிய ஊசி
மறுபக்கத்தால் வந்திருக்கிறது.
நாலு நாள்.
"சொன்னா பலகை பூச்சியம்.
நூற்றி அறுபது வீட்டுக் குக்கர், மிஸ்ஸி.
என்ர ஒரு விரல்."

கழுவினேன். கூரையைப் பார்த்தபடி சொன்னார்:
ஊசிக்கு முன்னால் ஒரு தகரக் காப்பு இருந்ததாம்,
வேகத்தைக் குறைக்குது என்று யாரோ கழற்றினார்களாம்.
சீனன்குடாவில் கோதுமைக் கப்பல் கட்டி நின்ற கிழமை,
அடுத்த ஷிப்டும் அவரே.
ஒரு தரம் கண் சொருகியது.
மெஷினுக்குக் கண் இல்லை.

ஆஸ்பத்திரிக்கு அவரை ஏற்றிவிட்டு
சிவப்புக் கொப்பியை வாங்கிவந்தேன்.
கட்டிலில் இரண்டையும் அருகருகே விரித்தேன்.
அதில் 297 நாளும் வெள்ளை.
இதில், அதே நாட்களில், என் கையெழுத்தில்:
வீட்டில் வெட்டியது. வீட்டில் சுட்டது.
வீட்டில் வழுக்கியது. பதினாறு தரம்.
பதினாறும் கப்பல் நின்ற கிழமைகள்.
சொன்னதை எழுதினேன்.
எந்த வீட்டில் என்று கேட்கவில்லை.

"சீனி அவருடைய சொந்த வருத்தம்,
கொம்பனிக்கு என்ன?" என்றார் முகாமையாளர்.
"சீனி அவருடையது, சேர். ஊசி உங்களுடையது.
விரல் ஒன்றுதான்."
சொன்ன பிறகுதான் கால் நடுங்கியது.

அபேகோன் ஒன்றும் பேசவில்லை.
ஏணியைக் கொண்டுவந்து சாத்தினார்,
தகட்டை என்னிடம் நீட்டினார்.
"நான் பிடிக்கிறன், நீங்க ஏறுங்க."
பூச்சியத்தின் பெயின்ற் இன்னும் புதுசாக இருந்தது.

இரண்டு கிழமை கன்ரீனில்
என் தேத்தண்ணி கடைசியாக வந்தது, ஆறி.
களஞ்சியப் பெட்டிகளை லொறி ஏற்றிப் போனதை
எல்லாரும் நின்று பார்த்தார்கள்.
பிறகு ஒரு பின்னேரம், கதவில் பாதி நின்றபடி
சுபோகரன், ஏற்றுமதிப் பகுதி:
"முறைப்பாடு இல்லை மிஸ்ஸி, சும்மா...
குனிஞ்சா நிமிர ஏலாமல் கிடக்கு."
அடுத்த நாள் சலிப்பகத்து இருமல் ஒன்று.
பலகை ஆறு வரை போய்ப் பூச்சியம் ஆனது.
பதினொன்று வரை போய் மறுபடி.
தகரக் காப்பு திரும்பி வந்தது.
இரட்டை ஷிப்ட் இன்னும் பேச்சில்தான்.

ஜவ்பர் கட்டு அவிழ்க்க வந்தார்.
சீனி 190. விரல் மிஞ்சியது, நகம் இல்லை.
"குக்கர் போச்சே, மிஸ்ஸி."
"அரிசி களைய விரல் இருக்கே."
சிரித்தார். முழுவதும் மன்னித்த சிரிப்பு இல்லை.

துறைமுகத்தில் ஊது சத்தம்.
அடுத்த கப்பல்.
லாச்சியைத் திறந்து
எத்தனை ஸ்ட்ரிப் மிச்சம் என்று எண்ணுகிறேன்.