நான்காவது கிலோமீட்டர்

கொடி இறங்கி ஏழு நிமிஷம்கூட ஆகவில்லை.
பகாவ் பஸ் நிலையம், கோழிக்கடை, எண்ணெய் நிலையம்
எல்லாம் இன்னும் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.
எண்பத்தோரு பேர் பேசிக்கொண்டே மிதிக்கிறார்கள்.
யாரோ நாசி லெமாக் ஏப்பம் விடுகிறார்கள்.
இந்த நேரத்தில் கூட்டத்தைப் பிய்த்துக்கொண்டு பாய்கிறவன்
ஒன்று பைத்தியம், இல்லையென்றால்
மூன்று மணிக்கு ஆலையில் ஷிப்ட் உள்ளவன்.

நான் இரண்டும்.

கியரை இரண்டு பல் கனமாக்கி
சாக்கடை மூடிகளை ஒட்டி
ஓரமாய்ப் போனேன்.
யாரும் வரவில்லை.
துரத்த வேண்டிய ஆளாகக்கூட என்னை எண்ணவில்லை.
"போகட்டும், வெயில்ல காயட்டும்"
காற்று கொண்டுவந்து கொடுத்த குரல், லோகேந்திரனுடையது.

செர்த்திங் சாலையில்
பின்னால் ஒரு சங்கிலிச் சத்தம்.
பிறகு இன்னொன்று.
முதலாவது ஹஃபிசி, பாலிடெக்னிக் பையன்,
மீசை முளைக்கும் முன்பே தொடை முளைத்தவன்.
இரண்டாவது
சைக்கிள் கடை கோங்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.
என் பின்சக்கரம் என்னுடையதல்ல.
கார்பன், ஆயிரத்து இருநூறு வெள்ளி,
நான்கு தவணை கட்டியாயிற்று, இரண்டு பாக்கி.
ஆகவே கோங் அதன் பின்னால் ஒட்டிக்கொண்டு வந்தபோது
நியாயப்படி பார்த்தால்
தன் பொருளின் பின்னால்தான் வந்துகொண்டிருந்தார்.

காற்றுக்கும் தவணை உண்டு.
ஒருவன் முன்னால் போய் நெஞ்சில் வாங்குவான்,
முழங்கையை ஆட்டி ஒதுங்குவான்,
அடுத்தவன் வந்து கட்டுவான்.
ஹஃபிசி கட்டினான், வட்டியோடு.
நான் கட்டினேன்.
கோங்
முழங்கையை ஆட்டினால் வானத்தைப் பார்த்தார்.

செம்பனை. செம்பனை. ஒரு முனியாண்டி சிலை. செம்பனை.
இத்தனை மரம், சாலைக்கு
ஒரு முழ நிழல் கிடையாது.
குலை லாரி ஒன்று சிந்திவிட்டுப் போன பழங்கள்
தார்மேல் நசுங்கி வழுக்கின.
மோட்டார் சைக்கிள்காரர் சிலேட்டைத் தூக்கினார்:
இரண்டு நிமிஷம் பத்து.
அதுவரை விளையாட்டாகத்தான் இருந்தது.
எண்ணாக எழுதிக் காட்டியதும்
வயிறு குளிர்ந்தது.

முப்பதாவது கிலோமீட்டரில் என் ஆலை.
வாசலில் காலை ஷிப்ட், தேத்தண்ணி நேரம்.
கொதிகலன் குணாளன் ஹெல்மெட்டை ஆட்டிக் கத்தினான்:
"டேய், இவ்ளோ சீக்கிரமா வேலைக்கு!"
சிரிக்க மூச்சில்லை.
வெந்த குலையின் அந்த நாற்றத்தை
வாய் நிறைய வாங்கிக்கொண்டு
முதல்முறையாக
நிற்காமல் அதைக் கடந்தேன்.

முப்பத்தெட்டில் ஹஃபிசியின் கெண்டைக்கால் பிடித்தது.
ஒன்றும் சொல்லவில்லை, பின்னாலேயே தேய்ந்து போனான்.
நான் முழங்கையை ஆட்டவில்லை, ஆட்டி என்ன.
அப்போதுதான் கோங் பக்கத்தில் வந்தார்.
"உன் சக்கரம் ஆடுது.
ஸ்போக் ஒண்ணு லூஸ். அதான் பார்த்துட்டே வந்தேன்.
இனி நீ பின்னால வா, மெதுவா."
அறுபத்திரண்டு வயது முதுகு
எனக்கு முன்னால் குனிந்து
காற்றைத் திறந்தது.
எட்டு கிலோமீட்டர். ஒருமுறையும் திரும்பிப் பார்க்கவில்லை.

பிறகு பின்னால், செம்பனை மட்டைகளில்
மழை இறங்கி வருவதுபோல ஒரு சத்தம்.
வானம் வெளுத்துக் கிடந்தது.
திரும்பாமலே தெரிந்தது.

இருபுறமும் வழிந்து எங்களைத் தாண்டினார்கள்.
லோகேந்திரன் முதுகைத் தட்டி
"நல்லாருந்துச்சுண்ணே" என்றான்.
அதற்குப் பதில் திட்டியிருக்கலாம்.

முடிவுத்தாளில் நான் ஐம்பத்து மூன்று, கோங் ஐம்பத்து நான்கு.
நாற்பத்தாறு கிலோமீட்டர் முன்னால் இருந்ததற்கு
அதில் கட்டம் இல்லை.
மணி ஒன்றேகால்.
சைக்கிளைத் தலைகீழாய்க் கவிழ்த்து
கோங் புல்தரையில் குந்தினார்.
பையிலிருந்து ஸ்போக் சாவியை எடுத்து
கால் திருகு, சுழற்றிப் பார்த்து
இன்னொரு கால் திருகு.
நான் தண்ணீர் போத்தலைப் பிடித்தபடி நின்றேன்.
அவர் சக்கரம்.
நான் என்ன சொல்ல.