உட்பக்கம்

ஸ்ட்ரான் துறைமுகத்தில் அன்றும் மழை.
டாஸ்மேனியாவின் அந்தக் கரையில் அது ஒரு செய்தியே இல்லை.

இரண்டு டாலருக்கு வாங்கிய பெட்டிக்குள்
தக்கைத் திருகி, கைவிரல் உறை, யாருடையதோ பல்செட்,
அவற்றுக்கு அடியில்
மடிந்து கிடந்தது ஷெஃபீல்டில் அடித்த சவரக்கத்தி.
கைப்பிடி, ஆமையோடாக நடிக்கும் செல்லுலாய்டு.
லியோனி திறந்தாள்.
கற்பூரம் மணந்தது.

பூசை ஏதுமில்லை.
பழைய செல்லுலாய்டு சாகும்போது
அப்படித்தான் மூச்சு விடும்.
மூச்சு பட்ட இடமெல்லாம் எஃகு சிவக்கும்.
கத்தியைக் காக்க வந்தது
உள்ளிருந்தே தின்றுகொண்டிருந்தது கத்தியை.

"யாருக்கு இது?" என்றான் வார்விக்,
மார்புவரை இறங்கிய தாடியைப் பிடித்தபடி.
பதினெட்டு வருடமாக அதில் கத்தரிகூடப் பட்டதில்லை.
அவள் அரத்தைத் தேடிக்கொண்டிருந்தாள்.

மூன்று ஆணிகள்.
கடுகளவு தலை,
தலைக்கு அடியில் மிளகளவு பித்தளை வளையம்.
தலையை அராவி, மெல்லிய முனை வைத்துத் தட்டத் தட்ட
முதலாவது வந்தது,
சற்று அடம்பிடித்து இரண்டாவது.
மூன்றாவது, ஆப்பைப் பிடித்திருக்கும் வால்பக்கத்து ஆணி.
ஆப்பசைத்த குரங்கின் கதை அவளுக்குத் தெரியாது.
தெரிந்திருந்தாலும் அசைத்திருப்பாள்.

தகடுகள் பிரிந்தன.
தொண்ணூறு வருடமோ நூறோ
வெளிச்சம் காணாத உட்பக்கம்.
அதில் குண்டூசியால் கீறிய எழுத்து:
ஹார்ப்பர் தரவேண்டியது மூன்று ஷில்லிங்.

கொடுத்தவன் இல்லை. வாங்கியவன் இல்லை.
ஷில்லிங் என்ற காசே இல்லை.
கடன் மட்டும்
வட்டிகூட ஏறாமல் அப்படியே.

செல்லுலாய்டை வீட்டுக்குள் வைக்கக் கூடாது.
இருந்தும் அந்த ஒரு தகட்டை
கொட்டகையில் ஜாடிக்குள் தனியாக வைத்தாள்.

புதுக் கைப்பிடிக்கு ஹுவான் பைன்,
உடைத்த படகின் பலகை.
ஏரிக்கடியில் கிடந்தாலும் மக்காத மரம்,
அறுத்த இடத்தில் இன்னும் எண்ணெய் கசிந்தது.
முதல் ஜோடி பிளந்தது; ஒரே ஒரு தட்டு அதிகம்.
அப்போது அவள் சொன்ன சொல்
இங்கே வேண்டாம்.

இரண்டாம் ஜோடிக்கு ஈயத்தில் ஆப்பு,
எத்தனை தேய்த்தும் கோணல்.
மூடினால் கத்தி இடப்புறம் சாய்கிறது.
அந்த இடுக்கில் ஒரு காகிதம் நுழையும்,
இரண்டு நுழையாது.
அவளுக்கு அது போதும், ஏறக்குறைய.

ஆணி அடிக்கும் முன்
கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து
உட்பக்கத்தில் ஏதோ கீறினாள்.
வார்விக் எட்டிப் பார்த்தான். உள்ளங்கையால் மறைத்தாள்.
பிறகு குட்டிச் சுத்தியல்,
நகத்தால் மேசையைத் தட்டுகிற சத்தம், இருநூறு முறை,
ஆணித்தலை பனித்துளியாய் உருளும்வரை.

தன் முன்கையில் சோதித்தாள்.
தபால்தலை அளவுக்கு மயிர் போய் வழவழவென்றிருந்தது.
வார்விக்
நாற்காலியைச் சற்றுப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

என்றைக்காவது யாரோ ஒருவர் அரத்தோடு வருவார்.
மூன்றாவது ஆணி கழன்று மரம் பிரியும்போது
அவருக்குக் கிடைக்கப்போவது இரண்டு வரி:

ஆப்பு கோணல், எனக்கே தெரியும்.
ஹார்ப்பர் இன்னும் தரவில்லை.