பல்லால் கேட்பது

கிளாரிஸ் அம்மையாரிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன்:
எனக்கு வலது காது கிடையாது.
பெரியபட்டினத்துக்கு நேர் தெற்கே
எட்டுப் பாகம் ஆழத்தில்
ஒரு சங்குக்கும் அடுத்த சங்குக்கும் நடுவே
அது போய்விட்டது.
இடது இருக்கிறது. அதற்குள்ளும்
ஓயாமல் ஒரு டைனமோ.

போனில் கொஞ்ச நேரம் பேச்சில்லை.
பிறகு, "அப்புறம் எப்படி மீராசா?" என்றார்.
"பல்லால்" என்றேன்.

ஆவணியில் மரம் வந்தது.
பனிநாட்டு ஸ்ப்ரூஸ், இரண்டு ஏடு,
ஒரே பலகையைப் பிளந்து விரித்தது.
ஒரு சென்டிமீட்டருக்குள் ரேகைகளை எண்ணினேன்:
பதினான்கு குளிர்காலம்.
ஒன்றிலும் உப்பில்லை.

ஐஸ் கம்பெனி மூடிப்போன குளிரறைதான்
என் பட்டறை.
அரையடி தெர்மோகோல் சுவர், ரப்பர் விளிம்பு வைத்த கதவு.
நண்டு நாற்றம் போக எட்டு மாதம் ஆனது.
உள்ளே இரண்டு குண்டு பல்பு,
சட்டி நிறையச் சுட்ட சுண்ணாம்பு,
ஒரு ஈரமானி.
வெளியே எண்பது. உள்ளே நாற்பத்தெட்டு.
முள் ஐம்பதைத் தாண்டினால் வச்சிரச் சட்டியைத் திறப்பதில்லை.
வச்சிரம் என்றால் வஞ்சிரம் எங்கே என்பான் அசனார்.
தப்பில்லை, இதுவும் மீன் தோலில் காய்ச்சியதுதான்.
கொண்டல் வீசும் நாளில் சும்மா இருப்பேன்.
கச்சான் திரும்பியதும் ஒட்டுவேன்.

விலாவுக்கு ஈட்டி.
லாரி சைலன்சரைச் சூடாக்கி
நனைத்த பலகையை அதன்மேல் சாய்த்துச் சாய்த்து
இடுப்பு வளைவுக்குக் கொண்டுவர வேண்டும்.
முதல் பலகை போயிற்று.
மரம் முறியும் அந்தச் சத்தம் மட்டும்
எந்தக் காதுக்கும் கேட்கும்.

முகப்பலகைதான் எல்லாம்.
ஓரத்தை முன்பல்லில் கவ்விக்கொண்டு
விரல்முட்டியால் தட்டுவேன்.
தாடை எலும்பு வழியே ஏறி வரும்.
மூன்று மில்லிமீட்டரில்: யாரோ வீட்டுக் கதவைத் தட்டுவதுபோல்.
இரண்டரையில்: பாயை உதறுவதுபோல்.
அதற்கும் கீழே, முடியளவு முடியளவாய்ச் சுரண்ட,
கடலடியில் கிடக்கும்போது
மேலே தூரத்தில் விசைப்படகு கடக்குமே,
காதில் இல்லாமல் நெஞ்சில் விழுமே,
அது.
இழைப்புளியை அங்கேயே வைத்துவிட்டேன்.

உள்ளே விசிறிபோல் ஏழு குச்சிகள்.
கருங்காலிக் கழுத்துப் பட்டை, பத்தொன்பது மெட்டு.
பிறகு நாற்பது நாள் அரக்கு,
துணிப் பொட்டலத்தால் வட்டம் வட்டமாக.

தந்தி ஏறி நிற்கும் கட்டையைச்
சங்கில் செய்தேன்.
ஏன் என்று கேட்டால் பதில் இருந்தது.
யாரும் கேட்கவில்லை.

மாசியில் அவர் வந்தார்.
காலடிப் பலகை, சிறிய விளக்கு,
எலுமிச்சை வாசம் அடிக்கும் நகங்கள்.
கால்மணி நேரம் வாசித்தார்.
"அழகாக இருக்கிறது. முதல் தந்தி கத்துகிறது" என்றார்.
சங்கைக் கழற்றினேன்.
ராமநாதபுரத்துக் கறிக்கடை எருமை எலும்பைப் பொருத்தினேன்.
கத்தல் நின்றது.

ஆனால் மூன்றாம் தந்தி, ஒன்பதாம் மெட்டு:
தொட்டதும் செத்துவிழுகிறது என்றார்.
எனக்கு டைனமோதான் கேட்டது.
"தப்பாக நினைக்காதீர்கள்" என்று சொல்லி
குனிந்து, கிட்டாரின் தலையை
மெல்லக் கவ்விக்கொண்டேன்.
அவர் வாசித்தார்.
எங்கள் இருவர் மூக்கும் ஒரு முழ தூரத்தில்.
சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒரே சுரத்தைத்
திரும்பத் திரும்ப.

கிடைத்தது. நாலாவது குச்சி.
துளைக்குள் கையைவிட்டு, கண்ணை மூடி,
உளியால் சீவினேன். வெளியே வந்த தூள்
ஒரு சிட்டிகை மூக்குப்பொடி அளவு.
மறுபடி கவ்வினேன்.
சுரம் எழுந்து, நின்று, தானாக அமர்ந்தது.

அவர் பணத்தை எண்ணும்போதுதான் பார்த்தோம்:
தலையின் அரக்கில் இரண்டு பல் தடம்.
இது வேண்டாம் என்றார், கண்டிப்பாக.
சரிதான். பத்து மாதக் கூலி கொடுப்பவர்.
மூன்று நாள் கீழக்கரை லாட்ஜில்
கொசுவைத் திட்டிக்கொண்டு காத்திருந்தார்.
நான் தேய்த்தேன்.

இப்போது விளக்கடியில் வைத்தாலும் தெரியாது.
எனக்கு மட்டும்
நுனிநாக்கில் இன்னும் அரக்கு கசக்கிறது.