முதல் பஸ்

பதினொராம் அத்தியாயத்தில் தனுசியாவை
மூன்று மாதம் ஒழுங்கை முடக்கிலேயே
நிற்க வைத்திருந்தேன்.
கையில் ஒரு பை. மழை வேறு.
மதகில் இருப்பவர்கள்
அவளின் சாதகம் வரை தெரிந்தவர்கள்.
அவர்களைத் தாண்டி எப்படிக் கூட்டிப்போவதென்று
எனக்குத் தெரியவில்லை.

அச்சுக்குக் காசு தந்த ரொறன்ரோ அண்ணா
வட்சப்பில் சொன்னார்:
கடைசியில ஒரு கலியாணத்தைச் செய்து வை.
சின்ன மாமி கேட்டா:
உது உன்ர கதையோ, பிள்ளை?
சனம் அப்பிடித்தான் கதைக்கும்.
பள்ளிக்கூடத்தில் கணக்கியல் படிப்பிக்கிற நான்
இல்லை என்றேன். இரண்டு முறை.

பிறகு ஒரு விடியற்புறம்
குக்கர் மூன்றாம் விசில் அடிக்க முதல்
அவளை வவுனியா பஸ்ஸில் ஏற்றிவிட்டேன்,
ஐந்தே முக்காலுக்கு.
மதகில் அன்றைக்கு ஒருவருமில்லை என்று எழுதினேன்.
பயத்தில் எழுதிய பொய்.
எங்கள் மதகில் விடியவும் ஆள் இருக்கும்.

கொக்குவில் வாசிகசாலையில் வெளியீடு.
நல்ல கற்பனை என்றார் பிரதம விருந்தினர்.
வடையும் பிளேன்ரீயும் முடிய
மிஞ்சிய எண்பது பிரதி
என் கட்டிலுக்குக் கீழே போனது.

ஒன்றை முன்வீட்டு லக்சாயினி
இரவல் வாங்கினாள்.
நாலாம் நாள் தாய் கொண்டுவந்து தந்தா,
பழைய பேப்பரில் சுற்றி,
படலைக்கு வெளியிலேயே நின்று.

உள்ளே வந்து பிரித்தேன்.
நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில்
ஐந்தே முக்காலைப் பென்சிலால் வெட்டி
ஓரத்தில், சின்ன எழுத்தில்:
ஐந்து இருபது.