பேஸ், ட்ரெபிள், வால்யூம்

பாயான் லெப்பாஸில் எனக்கு
வெளிச்சம் பார்க்கும் வேலை.
ஒரு சிப்டுக்குப் பதினோராயிரம் விளக்குகள், எள்ளைவிடக் கொஞ்சம் பெரியவை.
கூடுதலாய்ச் சிவந்தது ஒரு தட்டில்,
வெளிறியது இன்னொன்றில்,
எதிலும் சேராதது குப்பைக்கு.
அந்தக் குப்பையிலிருந்து ஒன்றைக்கூட வெளியே கொண்டுவர முடியாது.
வாசலில் காலணியைக் கழற்றித் தட்டிக் காட்டச் சொல்வார்கள்.
தட்டியிருக்கிறேன்.

ஆகவே இது முழுக்க
லோரோங் கூலிட் சந்தையில் பொறுக்கியது.
செத்த கரவோக்கே பெட்டியின் வயிற்றில் வண்ண விளக்குகள் பன்னிரண்டு,
ஒன்பதுக்கு உயிர் இருந்தது.
யாரோ மிதித்த ரவுட்டரின் மின்தடைகள்.
கழுத்து நைந்த நோக்கியா சார்ஜர்.
ஆம்ப்ளிபையர் ஒன்றின் முகம் மட்டும்
மூன்று குமிழ்களோடு ஆறு வெள்ளிக்கு.
"பாட்டு வராது" என்றார் ஊய், மலாயில்.
"பாட்டு வேண்டாம்" என்றேன்.
இரண்டு வெள்ளி குறைத்துக்கொண்டார், பாவம் பார்த்து.

ஐம்பது சிடி அடுக்கி வந்த மூடியை
உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து
ஒளியை உள்ளே கலங்கவிட்டேன்.
சிவப்புக்கு பேஸ். பச்சைக்கு ட்ரெபிள்.
நீலத்துக்கு வால்யூம்.
எழுத்துகளை அழிக்கவில்லை. தனபாலன் அழிக்கவிடவில்லை.

அவன் லோரி ஆறரைக்குக் கிளம்பும்.
என் பஸ் என்னை ஏழே முக்காலுக்கு இறக்கும்.
ஜெலுத்தோங் நெடுஞ்சாலையில் எங்கேயோ
எதிரெதிரே கடந்திருப்போம்.
மாலையிலும் அப்படித்தான்.
"போன் எதுக்குடி இருக்கு?" என்பாள் நிஷாந்தினி.
என் போன் லாக்கரில், அவன் கை ஸ்டியரிங்கில்.
எழுதி வைத்தால்
சம்மன் வந்தது போல இருக்கிறதாம் அவனுக்கு.

அதனால் விளக்கு பேசட்டும் என்று வைத்தோம்.
நீலம் என்றால் தலைவலி.
பச்சை, சம்பளம் வந்துவிட்டது.
மஞ்சள், எல்லாம் சரி, சோறு குக்கரில்.
சிவப்பு வைக்க மாட்டோம் என்று சிரித்தபடி
சிவப்புக்கும் ஒரு பொருள் வைத்தோம்.

திங்கட்கிழமை காலை
கிரில் கதவைத் திறந்தால்
வீடு முழுக்கச் சிவப்பு.
மோட்டார் தவணையா,
அவன் தங்கை கல்யாணத்துக்கு நான் லீவு போடாததா,
நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்தபடி
ஒவ்வொரு காரணமாய்ப் போட்டுப் பார்த்தேன்,
எல்லாமே பொருந்தின.
சரி, இருக்கட்டும்.
மாலையில் தொடாமல் போனேன்.
செவ்வாயும் சிவப்பு.
புதனும்.

வியாழன் தூக்கம் வரவில்லை.
துணி எடுக்கப் போகும்போது கால் மேசையில் இடித்தது.
சிவப்பு ஒருமுறை சிமிட்டி
மஞ்சளாகி
மறுபடி சிவந்தது.

அப்போதுதான் குமிழ்களைப் பார்த்தேன்.
பேஸ் முழுதாக. ட்ரெபிள் கால் பங்கு.
மஞ்சள் வைக்கும் இடம் அது.
ஞாபகத்திலேயே திருப்பிவிட்டுக்
கதவை அடித்துச் சாத்தியிருக்கிறான், அவசரத்தில்.
அந்த அதிர்ச்சியில் என் ஈயம் விட்டிருக்கிறது.
பச்சை போனால் மஞ்சளும் சிவப்புதான்.

பதினோராயிரம் பார்க்கிற கண்ணுக்கு இது தெரியவில்லை.
மாலையில் வந்தவன்
நான் வைத்த சிவப்பு என்று நினைத்திருப்பான்.
அவனும் தொடவில்லை.
யாருமே மூட்டாத கோபம்
மூன்று நாள், ஐந்து வோல்ட்டில்.

அடிப்பலகையைக் கழற்றினேன்.
சரியாக உருகாமல் சாம்பல் பூத்திருந்தது ஒரு புள்ளி.
ஈயக்கோலை வைத்ததும் குங்கிலிய வாசனை
சமையலறை வரை போனது.
மஞ்சள் வந்தது.

ஆனால் அது திங்கட்கிழமை மஞ்சள்.
அவன் வைத்தது, அவனுக்கே திரும்பப் போவது.

குக்கரில் அரிசி போட்டேன்.
கிளம்பும்போது
ட்ரெபிளை ஒரு மயிரிழை திருப்பினேன்.
கண்ணுக்குத் தெரியாது.
என் கை பட்டது, அவ்வளவுதான்.
கதவை மெதுவாகச் சாத்தினேன்.