வெறும் வண்டியின் எடை

லாபிஸ் எண்ணெய் ஆலைத் தராசில்
முப்பத்தொரு வருஷம் நான்தான் கிராணி.
செம்பனைக் குலையோடு லோரி ஏறும்போது ஓர் எடை.
கொட்டிவிட்டுத் திரும்பும்போது ஓர் எடை.
கழித்தால் நிற்பதுதான் பழம்.
மற்றதெல்லாம் இரும்பு, டயர், டீசல்,
டிரைவர் மூக்கையா, அவன் பொட்டலச் சோறு.

ஏமாற்றுவார்கள்.
கெலிந்தான் பையன் ஏறும்போது வண்டிக்குள் படுத்திருப்பான்,
இறங்கும்போது கெண்டீனில் தே ஆயிர் குடிப்பான்.
ஐம்பது கிலோ, சும்மா.
மழை நாளில் தண்ணீரும் பழ விலைக்குப் போகும்.

ஜொகூர் பாருவில் டாக்டர் ஷரிபா
என் எலும்புகளைத் திரையில் காட்டினார்.
இடுப்பில் இரண்டு, முதுகில் நான்கு, விலாவில் ஒன்று.
கறுப்புப் புள்ளிகள்.
குலை பழுத்துவிட்டதென்று சொல்ல
அடியில் கிடக்கும் உதிரிகள்போல.
"பாச்சேக், இது போகாது. தள்ளி வைக்கலாம்."
கல்யாணத்தைத் தள்ளி வைத்திருக்கிறோம். கடனையும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை வயிற்றில் ஊசி,
அது ஏற்கெனவே ஓடுகிறது.
அதோடு கீமோ ஆறு தடவை.
இல்லையென்றால் மாத்திரை. நல்ல மாத்திரைதானாம்,
அரசாங்க வரிசையில் காத்திருக்க வேண்டும்,
வெளியே வாங்கினால் மாதாமாதம் ஒரு மோட்டார் சைக்கிள்.
எதுவும் வேண்டாமென்றால் இடுப்புக்கு மட்டும் கதிர்,
வலிக்கு மட்டும் மருந்து.

"எவ்வளவு நாள் கூடும்?" என்றேன்.
கிராணிக்கு வேறென்ன கேட்கத் தெரியும்?
சராசரி சொன்னார்.
சராசரி எடை போட்டு
ஒரு லோரியைக்கூட நான் வெளியே விட்டதில்லை.

ரயில் நிலையத்துக்குப் பின்னால் எங்கள் வீடு.
ஆஸ்பத்திரி அட்டையின் முதுகில் கணக்குப் போட்டேன்.
கூடும் மாதங்கள் மேலே.
கீழே, போக இரண்டரை மணி, வர இரண்டரை மணி,
நாக்கில் தகர ருசி,
மகன் எடுக்கும் சம்பளமில்லா லீவு,
மரத்த விரலுக்குப் பதிலாக
என் சட்டைப் பொத்தானைப் போடும் இன்னொரு விரல்.
வந்த எண்ணை நானே நம்பவில்லை.
வண்டிக்குள் எவனோ படுத்திருக்கிறான்.
பயம்தான். மூச்சைப் பிடித்துக்கொண்டு.

ராத்திரி இரண்டு மணிக்கு உடம்பு கொதித்தது.
ஊசியின் வேலை.
சட்டையைக் கழற்றிவிட்டு இருட்டில் நின்றேன்.
அமராவதி விளக்கைப் போட்டாள்,
பார்த்தாள், சிரித்தாள்.
"நாப்பத்தெட்டு வயசுல எனக்கும் இதேதான். அஞ்சு வருஷம்.
ஏன்டி எந்திரிச்சு நிக்கிறேன்னு
ஒரு நாள் கேட்டீங்களா?"
கேட்கவில்லை.
ஓவர்டைமில் இருந்திருப்பேன்,
அல்லது தூங்கியிருப்பேன்.
காற்றாடியை என் பக்கம் திருப்பினாள்.
பிறகு கொஞ்சம் தன் பக்கமும்.

எட்டு மாதமாக என் கை அவள்மேல் போகவில்லை.
ஆஸ்பத்திரி பாரத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
அன்று போனது. வியர்வைக் கை.
தள்ளிவிடவில்லை.

வெறும் வண்டியின் எடை தெரியாமல்
பழத்தின் எடை தெரியாது.
எது என் வெறும் நாள்?
பசார் மாலாமில் கெம்போங் மீன் நிறுக்கிறவன்
விரல் தட்டில் படுகிறதா என்று பார்ப்பது.
ஒரு தடவை மட்டும் எழுந்து மூத்திரம் பெய்த இரவு.
அவள் திட்டுவது.
இவ்வளவுதானா? இவ்வளவுதான் போலிருக்கிறது.

ஆறும் போட்டே ஆகணும் என்கிறான் மகன் அறவேந்தன்.
போனில் அவன் குரல் உயரும்போது
குழந்தையில் ஜுரத்தில் அழுத குரல்.
அமராவதி ஒன்றும் சொல்லவில்லை.
வாளி புதிதாக வாங்கி வைத்திருக்கிறாள், சிவப்பு.
அதை எந்தக் கணக்கில் எழுதுவது?

செவ்வாய்க்கிழமை போகிறோம்.
ஊசி சரி. இடுப்புக்குக் கதிர் சரி.
கீமோ ஒன்றே ஒன்று,
இரண்டாவதுக்கு முன்னால் மறுபடி நிறுப்போம் என்று சொல்லப் போகிறேன்.
அப்படிக் கேட்கலாமா, தெரியாது.

ஆலைத் தராசு காலையில் ஒருநாளும்
பூஜ்யத்தில் நின்றதில்லை.
இருபது கிலோ காட்டும்.
மேடைமேல் நாய் படுத்திருக்கும்.
விரட்டினால் திரும்ப வரும்.
இருக்கட்டும் என்று
இருபதைக் கழித்துவிட்டு
முதல் லோரியைக் கூப்பிடுவேன்.